கிங் டைகரின் முகம் ஏன் தட்டையானது?

ஓடுமேல் விழுந்த மழைநீர் சரிந்து வழிவது போல, வளைந்த இரும்பில் மோதும் குண்டும் சறுக்கிப் போகும். அதனால் வளைவு நல்லதுதானே? எங்கே சறுக்கிப் போகிறது என்பதுதான் கேள்வி.

1944-இல் களமிறங்கிய ஜெர்மனியின் கிங் டைகர் டாங்கியில், முதல் 50 வண்டிகளின் சுழல்கூண்டுக்கு உருண்டையான முகம். போர்ஷே கூண்டு என்று பெயர் பெற்றாலும் வடிவமைத்தது க்ரூப் நிறுவனம். அந்த உருண்டையின் மேற்பாதியில் பட்ட குண்டு வானத்தை நோக்கித் தெறித்தது, கவலையில்லை. கீழ்ப்பாதியில் பட்டாலோ நேராகக் கீழே திரும்பி, ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த கூரையைத் தாக்கும். முகத்தில் சுமார் 100 மி.மீ. எஃகு, கூரையிலோ வெறும் 40 மி.மீ. காப்பாற்ற வேண்டிய வளைவே குண்டுக்கு வழிகாட்டியது! தளபதியின் பார்வைக்கூண்டுக்காக இடப்புறத் தகட்டைப் புடைக்க வளைப்பதும் பெரும்பாடு.

அடுத்து வந்த கூண்டில் 180 மி.மீ. தட்டை முகம். பக்கச் சுவர்களின் சரிவைக் குறைத்ததும் அந்தப் புடைப்பு தேவையற்றுப் போனது. சரியான முடிவு என்றே சொல்வேன்.

குண்டைக் கீழே திருப்பிவிடும் இதே கோளாறு ஜெர்மனியின் பாந்தர் டாங்கியிலும் இருந்தது. 1944 செப்டம்பர் முதல் அதன் பீரங்கிக் கவசத்தின் அடியில் தாடை போன்ற விளிம்பு சேர்த்தார்கள்.

செய்து முடித்த 50 பழைய கூண்டுகளையும் ஜெர்மானியர் வீணாக்காமல் அந்த முதல் வண்டிகளில் பொருத்திவிட்டார்கள். அவற்றில் ஒன்றை இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.