பாலத்தில் பதிந்த கயிற்றுத் தடம்

அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் போகும் சாலையோரத்தில் நேர்கோடாக ஓடும் தண்ணீரை நம் மாணவர்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். “அது பெரிய வாய்க்காதானே டீச்சர்?” என்று படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான்.

அது வான் மாட் சமான் கால்வாய். கெடா மந்திரி பெசார் வான் முகமட் சமான் 1885இல் தொடங்கிய வேலை. முடிய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. நீளம் சுமார் 35 கிலோமீட்டர். இயந்திரம் கிடையாது, எல்லாம் கையால் வெட்டியதுதான். சதுப்பு நிலம் வடிந்து நெல் வயலானது; படகுக்கும் வழி கிடைத்தது.

“மோட்டார் இல்லாம படகு எப்படிப் போகும்?” அடுத்த கேள்வி வந்தது. துடுப்பும் கழியும் இருக்கின்றன என்றேன். இங்கிலாந்துக் கால்வாய்களில் குதிரை இழுத்தது என்றதும் வகுப்பே சிரித்தது. “குதிரை தண்ணிக்குள்ள இறங்குமா?”

இறங்காது. கரையோரப் பாதையில் குதிரை நடக்கும். நீண்ட கயிறு படகை இழுக்கும். சாலையில் ஒரு குதிரை வண்டியில் இழுப்பது ஏறக்குறைய 2 டன். அதே குதிரை கால்வாயில் 30 டன்னுக்கு மேல் இழுக்கும். பாரத்தை நீர் தாங்கிக்கொள்வதே காரணம்.

சரி, இடையில் பாலம் வந்தால்? பாலத்துக்கு அடியிலும் அந்தப் பாதை தொடரும். ஈரக் கயிறு வளைவின் ஓரத்தில் உரசி உரசிக் கல்லிலும் இரும்பிலும் பள்ளம் விழுந்தது. அந்தத் தடங்களை இன்றும் பார்க்கலாம். பாதை எதிர்க்கரைக்கு மாறும் இடங்களில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. 1831இல் திறந்த மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாயில், பாலத்தின் சரிவுப் பாதையை வளைத்து அதே பாலத்துக்கு அடியில் விட்டார்கள். கயிற்றை அவிழ்க்காமலே குதிரை கரை மாறிவிடும்.

சென்னைப் பக்கிங்காம் கால்வாயில் குதிரைக்குப் பதில் மனிதர்களே கரையில் நடந்து கயிறு இழுத்தார்கள். 1876–78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்துத்தான் அதன் ஒரு பகுதியை வெட்டினார்கள். நம் முன்னோர் பலர் கப்பலேறிய காலமும் அதை ஒட்டியதே.

ஆசிரியர்களே, கருத்து விளக்கக் கட்டுரை என்றால் மனப்பாட முன்னுரையோடு வரும் பிள்ளைகள் நமக்குப் புதிதல்ல. ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். ஊரிலுள்ள ஒரு பழைய பாலத்தை ஒவ்வொருவரும் பார்த்து வரட்டும். என்ன தேய்ந்திருக்கிறது, ஏன் தேய்ந்தது என்று இரண்டே கேள்வி. பதிலை வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும். தோட்டங்கள் கலைந்துகொண்டே போகின்றன. கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.