தரவின் இயல்பும் அறிக்கைக் கருவியின் எல்லையும்

நமது கல்லூரியின் பழைய மாணவருள் வங்கி, வைத்தியசாலை, துறைமுகம், வணிகநிலையம் முதலிய இடங்களிற் கடமையாற்றுவோர் பலர். பேரேட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்த காலம் கழிந்து, கணினித் திரையில் தோன்றும் வரைபடத்தைக் கண்டு முடிவு செய்யுங் காலத்தில் அவர்கள் வாழ்கின்றனர். அவ்வரைபடத்தை ஆக்கித் தருவன வணிக நுண்ணறிவுக் கருவிகள் எனப்படும். பவர் பீஐ, டாப்லோ என்பன அவற்றுட் சில. இச்சொற்றொடர் நேற்றுப் பிறந்ததன்று, ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் ஹான்ஸ் பீற்றர் லூன் 1958ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இது காணப்படுகிறது. இக்கருவிகள் எல்லாத் தரவையும் உள்ளவாறே உணருமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

தரவுத்தளம் என்பது நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளின் தொகுதி. ஒவ்வொரு நிரலுக்கும் எண், எழுத்து, தேதி என ஓர் இனம் உண்டு. எட்கார் கொட் என்பார் 1970ஆம் ஆண்டில் இவ்வமைப்பை வகுத்தபோது, ஒரு கட்டத்தில் ஒரு பெறுமானமே இருத்தல் நன்றெனக் கொண்டார். இதனைக் கையாளும் எஸ்.கியூ.எல். மொழி 1986ஆம் ஆண்டில் அமெரிக்க நியமமாயிற்று.

ஆயின், உலகத்துப் பொருள்களெல்லாம் இச்சில இனங்களுள் அடங்குவனவல்ல. ஓர் ஊரின் எல்லையை எந்த எண்ணாற் குறிப்பது? ஒரு பற்றுச்சீட்டிலுள்ள பல பொருள்களை ஒரே கட்டத்தில் எவ்வாறு வைப்பது? இக்குறையை நோக்கியே கலிபோர்ணியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்ரோன்பிரேக்கர் என்னும் அறிஞர், பயன்படுத்துவோர் தாமே புதிய தரவினங்களைச் சேர்த்துக்கொள்ளத்தக்க பொஸ்ற்கிரெஸ் என்னும் தளத்தை 1986ஆம் ஆண்டளவில் வடிவமைத்தார். அதன் வழிவந்த பொஸ்ற்கிரெஸ்கியூஎல் இன்று நிரற்பட்டியல், எண்வீச்சு, வலையமைப்பு முகவரி, ஜேசன் முதலிய இனங்களை ஏற்கும். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த பொஸ்ற்ஜிஐஎஸ் என்னும் இணைப்பு, புவியியல் வடிவங்களையும் அதனுட் புகுத்தியது.

தளம் அறிந்ததை அறிக்கைக் கருவியும் அறியும் என எண்ணுதல் தவறு. இரண்டுக்கும் இடையே துபாசிபோல் நிற்பது இணைப்புச் செயலி. ஓடீபீசீ, ஜேடீபீசீ என்பன அத்தகைய இணைப்புக்கான நியமங்கள். பல தளங்களுக்கும் பொதுவான இனங்களையே அவை பெரும்பாலும் பேசும். அறியாத இனம் வருமிடத்து, கருவி அதனை வெறும் எழுத்தாக மாற்றும். அன்றேல் அந்நிரலையே விட்டுவிடும். ஊரின் எல்லை, பொருளற்ற நீண்ட எண்ணெழுத்துச் சரமாய்த் தோன்றுவது இதனாலேயாம்.

இது கண்ணுக்குத் தெரியும் பிழை. ஆகையால் ஆபத்துக் குறைவு. தெரியாத பிழையே கொடியது. ஒரு பற்றுச்சீட்டின் மொத்தம் 3,000 ரூபா. அதில் மூன்று பொருள்கள் ஒரே கட்டத்திற் பட்டியலாக உள்ளன எனக் கொள்வோம். பட்டியலை விரித்தால் ஒரு நிரை மூன்றாகும். ஒவ்வொன்றிலும் 3,000 நிற்கும். கருவி அவற்றைக் கூட்டி 9,000 எனக் காட்டும். வரைபடமோ அழகாகவே இருக்கும்! அவ்வாறே, பேரெண்களை மிதவைப் புள்ளி எண்ணாக வைக்குங் கருவியில் 9007199254740993 என்பது ஈற்றில் 2 ஆக மாறிவிடும். கணக்கிலக்கம் ஒன்றில் இவ்வாறு நேரின், ஒருவர் கணக்கு இன்னொருவருடையதாகத் தோன்றவுங் கூடும்.

இது வெறும் அச்சமன்று. எக்செல் மென்பொருள் சில மரபணுக்களின் குறியீடுகளைத் தேதியென மயங்கி மாற்றியது. எக்செல் பட்டியல்களை இணைத்து வெளிவந்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறக்குறைய ஐந்திலொன்றில் இப்பிழை இருந்ததை 2016ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. ஈற்றில், மரபணுக்களுக்குப் பெயரிடுங் குழு 2020ஆம் ஆண்டில் அப்பெயர்களையே மாற்றியதை அறிவித்தது. கருவிக்காக அறிவியல் தன் சொல்லை மாற்ற நேர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

இதற்குப் பரிகாரம் யாது? மாற்றத்தைக் கருவியின் ஊகத்துக்கு விடாது, தளத்திலேயே நாம் செய்தல் வேண்டும். மூல அட்டவணையைத் தொடாது, அதன்மேல் ‘பார்வை’ ஒன்றை அமைத்து, புவிப்புள்ளியை அகலக்கோடு, நெடுங்கோடு என்னும் இரு நிரல்களாகவும், ஜேசனின் வேண்டிய உறுப்புகளைத் தனி நிரல்களாகவும் பிரித்துக் கொடுக்கலாம். பட்டியலை வேறோர் அட்டவணையாக விரித்து, மொத்தத்தை அதனுடன் கலவாது வைத்தல் நன்று. கணக்கிலக்கம், தொலைபேசி இலக்கம் என்பன கூட்டுதற்குரியவல்ல. அவற்றை எழுத்தாகவே வைத்தல் முறை. பின்னர், தளத்தில் நேரே பெற்ற கூட்டுத்தொகையையும் நிரைகளின் தொகையையும் அறிக்கையோடு ஒப்புநோக்குதல் வேண்டும். இவ்வொப்புநோக்குக்குச் சில நிமிடங்களே செல்லும்.

கணக்கைச் செய்து முடித்தபின் விடையைச் சரிபார் என நம் ஆசிரியர்கள் வகுப்பறையிற் பன்முறை கூறினர். கருவி விரைவைத் தரும், பொறுப்பை ஏற்காது. பிழையான தொகையை நம்பிப் பொருள் வாங்கினாலும், ஆளைக் குறைத்தாலும், அதற்கு விடை கூற வேண்டியவர் கையொப்பமிட்டவரே. தொழில் நாடிச் செல்லும் இளைய மாணவர் இதனை மனத்திருத்துவாராக.