பைன் மரத்தில் செதுக்கிய மோட்சம்

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த தங்கை மகள், தேநீர்த் தம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் படிக்கிறவள். போன குளிர்காலத்தில் நண்பர்களோடு பனிச்சறுக்குக்குப் போன இடத்தில் எடுத்த படங்கள் அவை. முதல் படத்தில் ஒரு மலையூர்த் தேவாலயம். சுண்ணாம்பு பூசிய மொட்டைச் சுவர், கற்பலகை வேய்ந்த கூரை, ஒரு மணிக்கூண்டு, அவ்வளவுதான். அடுத்த படம் அதே ஆலயத்தின் உட்புறம். பீடத்துக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை பொன்மயம். முறுக்கிக்கொண்டு ஏறும் தூண்கள், அவற்றைச் சுற்றித் திராட்சைக் கொடி, மேகங்களுக்கிடையில் குண்டுக் கன்னத்தோடு எட்டிப்பார்க்கும் சம்மனசுகள்.

“மாமா, இது மாடு மேய்ச்சுப் பொழைச்ச ஊராம். இவ்ளோ தங்கம் எங்கேயிருந்து வந்துச்சு? ராஜா யாராச்சும் கட்டிக் குடுத்தாரா?”

“ராஜா இல்லம்மா. அந்த ஊர்க்காரங்களே.”

அவளால் நம்ப முடியவில்லை. அன்று மாலை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

அவள் போயிருந்த பகுதிக்குச் சவோய் என்று பெயர். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பக்கம். இன்று பிரான்சைச் சேர்ந்தது, ஆனால் 1860இல்தான் அந்த நாட்டோடு நிலையாகச் சேர்ந்தது. அதற்கு முன் சவோய் டியூக்குகளின் பூமி. அவர்கள் 1563இலேயே தலைநகரை ஷாம்பெரியிலிருந்து மலைக்கு அப்பால் இருக்கும் தூரினுக்கு மாற்றிக்கொண்டார்கள். அரண்மனையும் அரசவையும் அங்கே போய்விட்டன. இந்தப் பக்கம் இசேர் ஆறு ஓடும் தாரந்தேஸ், ஆர்க் ஆறு ஓடும் மோரியேன் என்ற இரண்டு நீண்ட பள்ளத்தாக்குகள். அவற்றின் சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன ஊர்களில்தான், 17, 18ஆம் நூற்றாண்டுகளில், இந்தப் பொன் பீடங்கள் எழுந்தன. பாணியின் பெயர் பரோக். போர்த்துகீசிய மொழியில் ‘பரோக்கோ’ என்றால் உருண்டு திரளாத கோணல் முத்து. அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். நேர்கோட்டை விட்டு வளைவுக்கும், அடக்கத்தை விட்டு அசைவுக்கும் போன கலை என்று வைத்துக்கொண்டால் போதும்.

இது ஏன் மலைக்கு ஏறி வந்தது? பக்கத்திலேயே ஜெனீவா இருக்கிறது. 1536இல் அந்த நகரம் சீர்திருத்தச் சபைக்கு மாறியது. சீர்திருத்தவாதி கால்வினின் வழியில் ஆலயம் என்றால் வெறும் சுவரும் பிரசங்கமும்தான். சுரூபம் கிடையாது, புனிதர் வணக்கம் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை தன் பதிலை யோசிக்கக் கூடிய இடமும் ஒரு ஆல்ப்ஸ் நகரம்தான்: இன்றைய இத்தாலியில் உள்ள திரெந்து. 1545 முதல் 1563 வரை, நடுநடுவே நின்று நின்று நடந்தது அந்தப் பொதுச்சங்கம். முடியும் தறுவாயில் அது சுரூபங்களையும் படங்களையும் பற்றித் தெளிவாகவே சொன்னது: அவை ஆலயத்தில் இருக்கட்டும், மக்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கட்டும்.

அந்தத் தீர்மானத்தைச் சவோய் மலைகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் சலேசியார். ஜெனீவாவின் கத்தோலிக்க ஆயர் அவர். ஆனால் ஜெனீவாவுக்குள் இருக்க முடியாமல் ஆன்னெசி நகரிலிருந்தே மறைமாவட்டத்தை நடத்தினார். ஊர் ஊராக மலையேறிப் போய்ப் பேசியவர். நம் ஊரில் டான் பாஸ்கோ பள்ளிகளை நடத்தும் சலேசிய சபை தாங்கியிருப்பது இவர் பெயரைத்தான். அவர் 1622இல் இறந்தார். இந்த மலைகளில் பழைய இருட்டுக் கோயில்களை இடித்து விசாலமாகக் கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் மும்முரமானது.

“சரி மாமா, சபை சொல்லுச்சு. காசு யார் குடுத்தா?”

இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. அந்த மேட்டு ஊர்களில் குளிர்காலம் பாதி வருஷம். நிலம் உறைந்து கிடக்கும்போது வேலை இல்லை. அதனால் ஆண்கள் இறங்கிப் போனார்கள். தலைச்சுமை வியாபாரியாக, புகைபோக்கி துடைப்பவனாக, கூலியாளாக பிரான்சின் நகரங்களுக்கும் மலைக்கு அப்பால் பீட்மான்ட் சமவெளிக்கும் போனார்கள். மோரியேனில் லான்ஸ்லெபூர் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. 2,083 மீட்டர் உயரத்தில் இருக்கும் மோன் செனி கணவாயில், பயணிகளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு பனியில் கடப்பார்கள். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணமும், பாலாடைக்கட்டியும் கால்நடையும் விற்ற பணமும்தான் பீடமாயின. ஊர்விட்டுப் போய் நன்றாக வாழ்ந்தவர்கள் சொந்த ஊர்க் கோயிலுக்கு அனுப்பிய காணிக்கையும் அதில் உண்டு.

பணம் சும்மா உண்டியலில் விழுந்து கரையவில்லை. ஊரில் நற்கருணை சபை, செபமாலை சபை என்று பக்த சபைகள் இருந்தன. ஒவ்வொரு சபைக்கும் ஆலயத்தில் தனிப் பீடம். பங்குச் சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து சிற்பியோடு ஒப்பந்தம் எழுதுவார்கள். எந்தப் புனிதர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்த மரம், எத்தனை தவணையில் பணம் என்று எல்லாம் அதில் இருக்கும். மரம் வெட்டிக் கொடுப்பதும் சுமந்து வருவதும் பல இடங்களில் ஊராரின் பொறுப்பு. கையில் பணம் தீர்ந்தால், செதுக்கிய மரம் அப்படியே வெறுமையாக நிற்கும். வருஷங்கள் கழித்து, அடுத்த தலைமுறை சேர்த்த பணத்தில் பொன் பூசுவார்கள்.

சிற்பிகளில் பலர் மலைக்கு அந்தப் பக்கம், பீட்மான்டின் வால்செசியா பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களும் மலைக்காரர்கள், அவர்களும் வேலை தேடிக் கணவாய் ஏறியவர்கள். உள்ளூரிலும் கைதேர்ந்தவர்கள் உருவானார்கள். மோரியேனின் மேல்கோடியில் இருக்கும் பெஸ்ஸான் போன்ற ஊர்களில் மரம் செதுக்குவது குடும்பத் தொழிலாகவே இருந்தது. ரோமில் சிற்பி பெர்னினி 1623 முதல் 1634 வரை உழைத்துப் புனித ராயப்பர் பேராலயத்தில் வெண்கலத்தில் நிறுத்திய முறுக்குத் தூண்களை, இந்தச் சிற்பிகள் மரத்தில் இறக்கிவைத்தார்கள்.

ஜெர்மனியின் பவேரிய மலையடிவாரத்திலும் புகழ்பெற்ற ஒரு ஆலயம் உண்டு. 1745க்கும் 1754க்கும் இடையில் கட்டிய வீஸ் திருத்தலம். வெண்சாந்துப் பூவேலையும் கூரை ஓவியமுமாக மனத்தை அள்ளும். ஆனால் அதைக் கட்டியது ஒரு மடம். சவோயில் கட்டியது ஊர். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அங்கே பார்ப்பது புரியும்.

இனி அந்தத் தங்கம். “அத்தனையும் தங்கமா?” என்று கேட்டாள். பொன்தான், ஆனால் பொன் தோல். ஒரு கிராம் தங்கத்தை அடித்து விரித்தால் ஒரு செய்தித்தாள் பக்கத்தை மூடும் அளவுக்குத் தகடாக்கலாம். மூச்சு விட்டால் பறக்கும் தகடு அது. அதை மரத்தில் ஏற்றுவதுதான் வேலை.

பெரும்பாலும் எடுத்தது அந்த உயரத்திலேயே வளரும் செம்ப்ரோ பைன். மிருதுவான மரம், பிசின் வாசனை உள்ளது, உளிக்கு இணங்கும். செதுக்கிய உருவத்தின் மேல் முதலில் தோல் காய்ச்சிய வச்சிரப் பசை. அதற்கு மேல் பசையில் குழைத்த வெண்சுண்ணத்தைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, பல படலம் ஏற்றுவார்கள். மரத்தின் நார் மறைந்து முட்டை ஓடு போல வழவழப்பாகும்வரை தேய்ப்பார்கள். பிறகு நுண்மையான செம்மண் குழம்பு ஒரு பூச்சு. பொன்னுக்கு அடியில் ஒரு சூட்டைக் கொடுப்பது இந்தச் செம்மண்தான். பழைய பீடங்களில் பொன் தேய்ந்த இடத்தில் சிவப்பு தெரிவது இதனால். அடுத்து அந்த இடத்தை நனைத்து, பொற்தகட்டை ஒரு தட்டைத் தூரிகையால் எடுத்து வைக்க வேண்டும். தூரிகையில் தகடு ஒட்டுவதற்காக, பூசுகிறவர் அதைத் தன் கன்னத்தில் ஒரு முறை தடவிக்கொள்வார். கன்னத்தின் எண்ணெய்ப் பசை போதும். கடைசியில் அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார். இந்தப் பொன்னில் பெரும்பங்கு மனித நேரம்.

அந்தப் பொன் மெழுகுவர்த்தியை நினைத்துச் செய்யப்பட்டது. குளிர்கால விடியலில், ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகக் கிடக்கும்போது, நாலைந்து மெழுகுவர்த்திகளின் சுடர் அசைகிறது. முறுக்குத் தூணின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுடரைப் பிடித்து அடுத்த வளைவுக்குத் தள்ளுகிறது. தூண் சுழன்று ஏறுவது போலத் தெரிகிறது. மாதக்கணக்கில் வெள்ளையும் கறுப்புமே பார்த்த கண்ணுக்கு அது மோட்சமாகத் தெரிந்திருந்தால் அதில் வியப்பில்லை.

“நான் உள்ளே போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன் மாமா. எப்படிப் பார்க்கணும்?”

முதலில் கடைசிப் பெஞ்சில் உட்கார். கண் பழகட்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கு. பீடத்தின் மையத்தில், ஒரு சின்ன அரண்மனை மாதிரி இருப்பது நற்கருணைப் பேழை. அப்பத்தில் இறைவன் இருக்கிறார் என்பதைக் கால்வின் வழியினர் இவர்களைப் போல ஏற்கவில்லை. அதனால்தான் இந்தப் பேழை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு நடுவில். தூணில் சுற்றியிருக்கும் திராட்சையும் நற்கருணையின் இரசத்தைத்தான் சொல்கிறது. இரண்டு பக்கமும் பார்: சாவி வைத்திருப்பவர் ராயப்பர், வாள் வைத்திருப்பவர் சின்னப்பர். உச்சியில் மேகத்துக்குள் பிதாவாகிய இறைவன். மண்ணிலிருந்து விண்ணுக்கு ஒரு ஏணி போல அமைத்திருப்பார்கள்.

அடுத்து பக்கப் பீடங்களுக்கு வா. செபமாலை பீடத்தில், மாதா சாமிநாதருக்கும் சியன்னா கத்தரினம்மாளுக்கும் செபமாலை கொடுப்பார். சுற்றிலும் 15 சிறு வட்டங்களில் 15 மறையுண்மைகள். படிக்கத் தெரியாதவரும் வட்டம் வட்டமாகப் பார்த்தபடி செபமாலை சொல்லலாம்.

பிறகு சின்னப் புனிதர்களைத் தேடு. ஊர் தன் சொந்தக் குரலில் பேசுவது இங்கேதான். காலடியில் பன்றியோடு நிற்பவர் வனத்து அந்தோணியார், கால்நடைக்குக் காவல். தொடையில் இருக்கும் புண்ணைக் காட்டுபவர் ஆரோக்கியநாதர், அம்பு பாய்ந்தவர் செபஸ்தியார். இருவரும் கொள்ளைநோய்க்குக் காவல். 1630இல் அந்த நோய் இந்த மலைகளையும் விடவில்லை. கையில் ஸ்நாபக அருளப்பரின் தலையை ஏந்திய ஆயர் தெரிந்தால் அவர் புனித கிரா. ஆலங்கட்டி மழைக்கும் பயிர்ப்பூச்சிக்கும் காவல். எந்தப் புனிதர் நிற்கிறாரோ அந்த ஊர் எதற்குப் பயந்தது என்று அவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பயம் வெறும் கற்பனையல்ல. அது ஐரோப்பா குளிர்ந்துபோயிருந்த காலம். சிறு பனியுகம் என்பார்கள். சவோயின் ஷமோனி பள்ளத்தாக்கில் பனியாறுகள் இறங்கி வயல்களையும் வீடுகளையும் நெருங்கின. 1644இல், பிரான்சிஸ் சலேசியாரின் உறவினரும் இணை ஆயருமான சார்ல் த சால், சுமார் 300 பேரோடு பவனியாகப் போய் பனியாற்றின் முன்னால் நின்று ஆசீர்வாதம் செய்தார். பனியைப் பார்த்து ஜெபித்த அதே தலைமுறைகள்தான் உள்ளே பொன் மேகம் செதுக்கச் சொன்னவை.

பிரெஞ்சுப் புரட்சியில் இந்த ஆலயங்கள் நிறையப் பட்டன. 1792இல் பிரெஞ்சுப் படை சவோய்க்குள் நுழைந்தது. 1794இல் புரட்சி அரசின் பிரதிநிதி அல்பித் மணிக்கூண்டுகளை இடிக்க உத்தரவிட்டார். இன்று நீ பார்க்கும் கூண்டுகளில் பல பிற்பாடு ஊரார் திரும்பக் கட்டியவை. இருபதாம் நூற்றாண்டில் ஆள் குறைந்தது, கூரை ஒழுகியது, பூச்சி அரித்தது, சுரூபங்கள் களவு போயின. ஆல்பெர்வில் நகரில் 1992இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த காலத்தை ஒட்டி ஒரு திருப்பம் வந்தது. பல ஆலயங்களைப் பழுதுபார்த்து, ‘பரோக் பாதைகள்’ என்ற பெயரில் ஒரு தடமாகக் கோத்தார்கள்.

அடுத்த முறை போகும்போது சம்பாஞியில் இறங்கு என்றேன். லா பிளாஞ் பனிச்சறுக்குத் தளத்தோடு சேர்ந்த ஊர்தான். அங்கே புனித சிகிஸ்மண்டு ஆலயத்தில் 1710ஆம் ஆண்டுப் பீடம் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சம்மனசுகள். பெய்சேயில் ஊர்க் கோயிலைப் பார்த்துவிட்டு, மேலே வெர்னெத் மாதா சிற்றாலயத்துக்கு நடந்து போ. மோரியேன் பக்கம் என்றால் வலுவார். கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதே. திறக்கும் நேரத்தை விசாரி, வழிகாட்டியோடு போனால் இன்னும் நல்லது.

எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. தாரந்தேஸில் ஒரு சிற்றூர். சுற்றிக் காட்டிய அம்மா, எல்லோரும் வெளியேறிய பிறகு, பீடத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் கைவிளக்கை அடித்துக் காட்டினார். முன்னால் ஜொலித்த சம்மனசின் முதுகு பின்னால் வெறும் பைன் மரம். கோடரி கொத்திய தடம் அப்படியே இருந்தது. ஒரு பலகை மற்றவற்றின் நிறமில்லை. வேறெதற்கோ இருந்ததை அறுத்து வைத்திருக்கிறார்கள். தோளின் விளிம்பில், பார்வை எட்டும் இடத்தோடு, பொன் பூச்சு ஒரு கோடு போட்டது போல நின்றிருந்தது. அதற்கு மேல் ஒரு விரல்கூடப் பூசவில்லை.

படத்தைப் பெரிதாக்கி அந்த விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தாள் மருமகள். ஒரு தகட்டைக்கூட வீணாக்க முடியாதவர்கள், தங்களிடம் இருந்ததையெல்லாம் முன்பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கேயிருந்து வந்தது தங்கம் என்ற அவள் கேள்விக்கு அந்தக் கோட்டைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.