பழைய கணினியில் ஒரு பதிவுக்கூடம்

செவன் கிங்ஸிலும் அதனை அடுத்த இல்போர்ட்டிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், படிக்கட்டின் கீழுள்ள அலுமாரியிலோ கூரையறையிலோ இரண்டு பொருட்கள் உறங்கிக் கிடப்பதைக் காணலாம். ஒன்று, ஒலிநாடாக்களும் வீடியோ நாடாக்களும் அடுக்கிய பெட்டி. மற்றது, மடிக்கணினி வந்தபின் ஒதுக்கப்பட்ட பழைய மேசைக் கணினி. முன்னையதைக் காப்பதற்குப் பின்னையதே போதும் என்பதை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் விளக்க விழைகின்றோம். (எம்மவர் பலர் ‘கணனி’ என்று எழுதுவர். கணித்தல் என்பதிலிருந்து பிறந்த ‘கணினி’ என்னும் வடிவத்தையே நாம் வகுப்பில் வற்புறுத்துகின்றோம்.)

அப்பெட்டியில் இருப்பவை திரைப்படங்கள் மட்டுமல்ல. போர்க்காலத்தில் தொலைபேசி எட்டாத குடும்பங்கள் பல, கடிதத்துடன் குரலையும் நாடாவிற் பதிந்து அனுப்பின. யாழ்ப்பாணத்தில் 1990 இன் பின் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை, மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்ட தலைமுறை எமது தலைமுறை. கைக்கெட்டியதை வைத்துக் கருவியை இயக்குவது நமக்குப் புதிதன்று.

நாடா என்பது பிளாஸ்டிக் பட்டியின்மேல் பசையால் ஒட்டப்பட்ட காந்தத் துகள். காலம் செல்லப் பசை தளரும், துகள் உதிரும். அதற்கு முன்பே நாடாவை ஓட்டும் கருவிகள் அருகிவிடுகின்றன. வி.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான பூனாய், 2016 ஜூலையுடன் அதனை நிறுத்திக்கொண்டது. நாடாக்களைக் காப்பாற்றுதற்கான கெடு 2025 என்று அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015 இலேயே எச்சரித்தது. அவ்வாண்டும் கடந்துவிட்டது.

இனிக் கணினியைக் கவனிப்போம். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 அன்று முடிவுற்றதால், நல்ல நிலையிலுள்ள கணினிகள் பல வீதியோரத்துக்கு வந்துள்ளன. இவற்றில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவலாம். நான்கு கிகாபைற் நினைவகம் போதும். ஒலியைப் பதிய அதிவேகம் தேவையில்லை. நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம், இரு தடங்களில், சுருக்காமற் பதிந்தாலும் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைற்றே ஆகும்.

பெட்டியைத் திறக்குமுன் மின்செருகியைக் கழற்றுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். தூசியை மென்தூரிகையால் அகற்றி, புதிய வன்தட்டு ஒன்றைப் பொருத்துங்கள். தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் மின்கலத்தையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் கணினியின் திகதி பிழைக்கும். நீங்கள் பதியும் கோப்புகள் யாவும் பிழையான திகதியைத் தாங்கி நிற்கும்.

ஒலிநாடாவை ஓட்டுமுன் அதன் மேல்விளிம்பிலுள்ள இரு சிறு தகடுகளை உடைத்துவிட வேண்டும். அதன்பின் தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. நாடாக் கருவியின் தலையை ஐசோபுறோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சினால் துடையுங்கள். பின்னர் கருவியின் வெளியீட்டைக் கணினியின் நீலநிறத் துவாரத்துடன் இணையுங்கள். இளஞ்சிவப்புத் துவாரம் ஒலிவாங்கிக்குரியது. அது மெல்லிய ஒலியைப் பெருக்குவது. அதனூடே வந்தால் அம்மம்மாவின் தாலாட்டு இரைச்சலாகிவிடும். ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருளில் ஒலி அளவு உச்சத்தைத் தொடாதபடி வையுங்கள். நாடா சிறு மிகையைப் பொறுத்துக்கொள்ளும்; இலக்கமுறைப் பதிவு பொறுக்காது, வெட்டிவிடும். மூலப்பிரதியை பிளாக் வடிவிற் சேமியுங்கள். தரம் குறையாமலே இடம் மிச்சமாகும். உறவினர்க்கு அனுப்ப எம்பி3 பிரதி போதுமானது.

வீடியோவுக்கு, டெக்கின் ஸ்கார்ட் துவாரத்திலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வடங்களை எடுத்து, யூ.எஸ்.பி. பிடிப்புக் கருவி ஒன்றின் வழியே கணினிக்குக் கொண்டுவர வேண்டும். நாடாச் சுருளில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் அதனை டெக்கினுள் இடாதீர்கள். அடுத்த நாடாவுக்கும் அது தொற்றும். கனடாவிலிருந்து வந்த கலியாண வீடியோ இங்கு ஒழுங்காக ஓடவில்லையா? நாடா கெட்டுவிட்டதென்று எறிய வேண்டாம். இங்கும் இலங்கையிலும் வழங்கியது 625 கோடுகள் கொண்ட பால் முறை. கனடாவில் 525 கோடுகள் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறை. இரண்டையும் வாசிக்கும் டெக் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். மூன்று மணிநேர நாடாவைப் பதிய மூன்று மணிநேரம் செல்லும்; அவசரப்பட வழியில்லை.

கருவி வேலை இத்துடன் முடிகிறது. எம் எண்ணத்தில் இனி வருவதே கடினமானது. ‘வீடியோ 1’ என்று பெயரிட்ட கோப்பு, பெயரற்ற பெட்டிக்குச் சமன். யாருடைய குரல், எந்த ஊர், எந்த ஆண்டு, பின்னாற் கேட்பது எந்தக் கோயில் மணி என்பவற்றை அறிந்தவர் உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோதான். அவர்களை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதுங்கள். சில நாடாக்களை அவர்களால் முழுவதும் கேட்க இயலாது போகலாம். அப்போது நிறுத்திவிடுங்கள், பதிவை மட்டும் கணினி தொடரட்டும்.

1981 இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதனுடன் போயின. ஆகையால் மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. ஊர் விழா, நாடகம், பேச்சு முதலிய பொதுப்பயனுள்ள பதிவுகளாயின், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தாரை உரியவர்களின் சம்மதத்துடன் அணுகலாம். கடையில் வாங்கிய படங்களையும் பாடல்களையும் இவ்வாறு பிரதிசெய்தல் வேறு விடயம். சொந்தப் பாவனைக்கான பிரதிக்கு 2014 இல் இந்நாட்டில் அளிக்கப்பட்ட சட்டவிலக்கை, 2015 இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்துவிட்டது.

பதிந்து முடிந்த நாடாக்களை எறிந்துவிடாதீர்கள். கூரையறையின் வெப்பமும் குளிரும் அவற்றுக்கு ஆகா. உலர்ந்த அலுமாரி ஒன்றில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்ட, புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள்.