செயலியிடம் கெர்னல் கேட்கும் கேள்வி

சுங்குவார்சத்திரம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்கிறார் என வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் அவரிடம் முதலில் என்ன கேட்பார்? "சாலிடரிங் தெரியுமா? டெஸ்டிங் தெரியுமா?" என்றுதானே?

கணிப்பொறியிலும் இப்படி ஒரு விசாரணை நடக்கிறது. மின்சாரம் பாய்ந்த சில நொடிகளுக்குள், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் தன் செயலியிடம் "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்கிறது. லினக்ஸ் கெர்னல் பத்தாண்டுப் பழைய செயலியிலும் ஓட வேண்டும். சென்ற மாதம் வந்த செயலியிலும் ஓட வேண்டும். புதியதற்குத் தெரிந்த சில கட்டளைகள் பழையதற்குத் தெரியா. தெரியாத கட்டளையைக் கெர்னலே கொடுத்துவிட்டால் கணிப்பொறி முழுவதும் நின்றுவிடக்கூடும்.

1993-இல் வெளிவந்த இன்டெல் பென்டியம் செயலியில் இதற்கென்றே 'சிபியுஐடி' என்னும் கட்டளை இருந்தது. அதற்குச் செயலி தரும் விடைகளுள் ஒன்று, 0 அல்லது 1 ஆகிய 32 இலக்கங்களின் வரிசை. ஒவ்வோர் இலக்கமும் ஒரு திறமையைக் குறிக்கும். 26 என எண்ணிட்ட இலக்கம் 1 ஆக இருந்தால், 'எஸ்எஸ்இ2' என்னும் விரைவுக் கணக்குக் கட்டளைகள் உண்டு என்று பொருள்.

தேவைப்படும் போதெல்லாம் இப்படிக் கேட்டுக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு முறை கேட்கவே நூறு துடிப்புகளுக்கு மேல் செலவாகலாம். 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு துடிப்பு நேரத்தில் ஒளிகூட 10 செ.மீ. தூரமே செல்லும் என்பது உண்மைதான். ஆயினும் நொடிக்குப் பல லட்சம் தடவை கேட்டால் சிறு துளியும் பெருவெள்ளம் ஆகிவிடும் அல்லவா? அதனால் கெர்னல் தொடக்கத்தில் ஒரே முறை கேட்டு, விடையை நினைவகத்தில் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்கிறது.

ஆனால் ஒவ்வொரு பொருள் வரும்போதும் சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால் லைன் ஓடுமா? ஆளுக்கேற்ப லைனையே அமைத்துவிடுவதே சிறந்த வழி. கெர்னலும் அதைத்தான் செய்கிறது. கணிப்பொறி தொடங்கும்போது தன் கட்டளைகளையே அது திருத்தி எழுதுகிறது. திறமை இருந்தால் ஒரு பாதை, இல்லாவிட்டால் வேறு பாதை. திருத்திய பிறகு அந்த இடங்களில் கேள்விக்கே வேலையில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. லைன் அமைத்து முடியும் முன்பே ஒரு பொருள் வந்துவிட்டால் என்ன செய்வது? லினக்ஸின் பழைய முறை, திருத்தம் நடக்கும் முன் கேட்டால், திறமை இருந்தாலும் "இல்லை" என்றே விடை சொல்லும். இதைச் சரிசெய்ய 2013-இல் பாதுகாப்பான இரண்டாவது முறை ஒன்று வேறு பெயரில் சேர்க்கப்பட்டது. பட்டியலை நேரே பார்க்கும் முறைகளும் இருந்தன. ஆக, ஒரே கேள்விக்குப் பல வடிவங்கள். எந்த இடத்தில் எதைக் கேட்பது என்பதை நிரல் எழுதுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

2016-இல் போரிஸ்லாவ் பெட்கோவ் என்னும் லினக்ஸ் நிரலாளர் பழைய முறையை நீக்கி, அதன் பெயரைப் பாதுகாப்பான முறைக்கே சூட்டினார். இம்முறை திருத்தத்திற்கு முன் பட்டியலைப் பார்த்து விடை சொல்லும். திருத்தத்திற்குப் பின் நேர்ப்பாதையில் செல்லும். எப்போது கேட்டாலும் விடை சரியாக இருக்கும். திறமைக்கு ஒன்றாகப் பெருகியிருந்த குறுக்குப் பெயர்களும் அவ்வாண்டே களையப்பட்டன.

"சில பெயர்களை நீக்கியதில் என்ன பெரிய லாபம்?" என்று கேட்பீர்கள். 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்' என்னும் குறைபாடு உலகுக்குத் தெரியவந்தது. இன்டெல் செயலிகள் பலவற்றில், கெர்னலின் நினைவகத்தில் உள்ள இரகசியங்களைச் சாதாரண நிரல் ஒன்று அறிந்துகொள்ள முடிந்தது. ஏஎம்டி செயலிகளுக்கு இந்தக் குறை இல்லை. இதற்கான மாற்று ஏற்பாடு, நிரல்கள் கெர்னலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரத்தைத் தின்னும். எனவே குறையுள்ள செயலியில் அது கட்டாயம் இருக்க வேண்டும். குறையற்றதில் இருக்கக் கூடாது. அப்போதும் தொடக்கத்தில் செயலியை அறிந்து, கட்டளைகளைத் திருத்தும் இதே உத்திதான் கைகொடுத்தது. விடை ஒரு பக்கம் தவறினால் வேகம் போகும். மறுபக்கம் தவறினால் இரகசியம் போகும்.

இது அயல்நாட்டுச் செயலிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலி, 2018-இல் சில்லாக வந்து லினக்ஸை இயக்கியது. அது பின்பற்றும் 'ரிஸ்க்-ஃபைவ்' அமைப்பில் திறமைகளுக்கு எழுத்துகளே பெயர். பெருக்கல், வகுத்தலுக்கு 'எம்'. தசமப் புள்ளிக் கணக்குக்கு 'எஃப்'. திசையன் கணக்குக்கு 'வி'. செயலியை வடிவமைப்பவர் வேண்டிய எழுத்துகளைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். எழுத்துகள் மாற மாற, கெர்னலின் கேள்வி தெளிவாக இருக்க வேண்டிய தேவையும் வளர்கிறது.

உங்கள் கல்லூரியில் லினக்ஸ் கணிப்பொறி இருந்தால், 'புராக்' என்ற அடைவில் 'சிபியுஇன்ஃபோ' என்னும் கோப்பைத் திறந்து பாருங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியானால் 'ஃபிளாக்ஸ்' என்ற வரி இருக்கும். கெர்னலின் கேள்விக்கு உங்கள் செயலி அளித்த விடையை அதில் நீங்களே படிக்கலாம்.