இதயத்தை ஓடவைத்துப் பார்த்தல்

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டு மணலில் பந்தை விரட்டி ஓடும் சிறுவன் ஒருவன் திடீரென மயங்கி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்காருகிறான். "காலையில் சாப்பிடவில்லை, வெயில் வேறு" என்பார்கள். இருக்கலாம். ஆனால் வெயிலில் நின்று மயங்குவது வேறு, ஓடும்போதே விழுவது வேறு. பின்னதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இதயத் தசை தடித்துப்போகும் நோய் இப்படித் தலைகாட்டுவதுண்டு. இடது கீழறையின் சுவர் தடித்து உள்ளிடம் குறுகிவிடுகிறது. ஓய்வில் இருக்கையில் அந்த இதயம் எப்படியோ சமாளிக்கும். ஓடும்போதோ, தடித்த தசைக்கே இரத்தம் போதாமற் போகலாம், துடிப்பும் தாறுமாறாகலாம்.

ஆகவே எக்கோவும் ஈ.சி.ஜி.யும் எடுத்தபின், மருத்துவர் தம் கண்ணெதிரிலேயே சிறுவனை ஓடவைக்கிறார். ஆபத்தல்லவா என்று கேட்பீர்கள். துடிப்பைச் சீராக்கும் மின் அதிர்ச்சிக் கருவியை அருகிலேயே வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள். டிரெட்மில்லின் நகரும் பட்டைமீது சிறுவன் நடக்கத் தொடங்குகிறான். புரூஸ் முறையில் 3 நிமிடத்துக்கொருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இரத்த அழுத்தம் ஏற வேண்டிய அளவு ஏறுகிறதா, ஈ.சி.ஜி. கோடு தாழ்ந்து இரத்தப் பற்றாக்குறையைக் காட்டுகிறதா என்று கவனிக்கிறார்கள். பற்றாக்குறை தெரிந்தால் அச்சிறுவனுக்கு ஆபத்து கூடுதல். தெரியாவிட்டால் ஆபத்தே இல்லை என்று பொருளன்று. சுவரின் தடிமன், முன்பு மயங்கிய விவரம் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். சிலருக்கு மாத்திரை போதும். சிலருக்கு மார்பில் அதிர்ச்சிக் கருவியே பொருத்த நேரும்.

இந்நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அதனால் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும்கூடச் சோதனைக்கு அழைப்பார்கள்.