எந்த நோயைத் தாங்கும் புல்?

பிள்ளையார்பாளையத்தில் புது வீடு கட்டி வாசலில் கொரியன் புல் பதித்தவர்கள், மார்கழி பிறந்ததும் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: "நோயே வராத புல் எதுங்க?" அப்படி ஒன்று கிடையாது. நோயைத் தாங்கும் புல் உண்டு. எந்த நோயை என்று கேட்டு வாங்க வேண்டும்.

நெல்லும் புல்தானே, அங்கிருந்தே வருவோம். நெல்லைத் தாக்கும் குலைநோய் தஞ்சை டெல்டாவில் நூறாண்டுக்கு முன்பே பதிவாகிவிட்டது. கோவையில் உருவாக்கிய கோ 39 ரகம் இந்த நோய்க்குச் சட்டென்று விழும். அதனாலேயே உலகெங்கும் குலைநோய் ஆராய்ச்சிக்கு அதை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு ரகத்துக்கு இப்படியும் ஒரு புகழ்! நர்சரியில் பஃபல்லோ என்று விற்கும் அகன்ற இலைப் புல்லில் சாம்பல் புள்ளி போடுவதும், குலைநோயைத் தரும் அதே பைரிகுலேரியா இனத்துப் பூஞ்சாணம்தான்.

அது நுழையும் விதத்தைக் கேளுங்கள். காற்றில் வந்த வித்து ஈரமான இலையில் ஒட்டி முளைக்கும். நுனியில் கறுத்த சிறு குமிழ் ஒன்று உருவாகும். நெல்லைத் தாக்கும் பூஞ்சாணத்தில் இந்தக் குமிழுக்குள் ஏறும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு. அந்த வேகத்தில் இலைத்தோலைக் குத்தி உள்ளே போகும். எதிர்ப்புச் சக்தி உள்ள பயிர், வந்தது யார் என்று அடையாளம் கண்டு, அந்த இடத்துச் செல்லைத் தானே சாகடித்துவிடும். பூஞ்சாணம் அங்கேயே பட்டினி. ஆனால் அது தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டால் பழைய காவல் செல்லாது. அதோடு, ஒரு நோய்க்கான காவல் இன்னொன்றுக்கு உதவாது. 1973இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஃப்ளோராடாம் என்ற பஃபல்லோ ரகம் ஒரு வைரஸைத் தாங்கியது, சாறுறிஞ்சும் பூச்சியைத் தாங்கியது, சாம்பல் புள்ளியிடம் தோற்றது.

இன்னொரு சிக்கல், கார்பெட் புல் பெரும்பாலும் விதையில் வருவதில்லை. கொடியை வெட்டி வெட்டிப் பெருக்குகிறார்கள். விளையாட்டுத் திடல்களில் போடும் டிஃப்வே 419, நம் அருகம்புல்லும் ஆப்பிரிக்க அருகு ஒன்றும் கலந்து பிறந்தது, 1960இல் வெளியிட்டார்கள். அதன் குரோமோசோம் 27, ஒற்றைப்படை. முளைக்கும் விதை வைக்காது. திடல் முழுக்க ஒரே செடி. பாவு இழையில் குறை இருந்தால் அந்தப் பாவில் நெய்த சேலை அத்தனையிலும் தெரியுமே, அந்தக் கதைதான். வரப்பு அருகு அப்படியில்லை, ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறுபடும். அதற்கும் துரு நோய் வரும். வெள்ளை வேட்டியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அதுதான்.

கொரியன் புல்லில் வட்டமாகப் பழுத்தால், வட்டத்தின் ஓரத்தில் ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அடி அழுகி, பழுப்பாக, சுலபமாகக் கையோடு வந்தால் ரைசாக்டோனியா. நெல்லில் இலை உறை கருகல் தருவதன் உறவு. யூரியா அதிகம் போட்டால் இதுவும் சாம்பல் புள்ளியும் கொழுக்கும். நாணயம் அளவுக்கு வெளுத்த புள்ளி என்றால் நேர்மாறு, தழைச்சத்துக் குறைந்த புல்லில் கொழுக்கும் வேறொரு பூஞ்சாண நோய். பார்க்காமல் மருந்துக் கடைக்கு ஓடுவது வீண்செலவு.

எல்லாவற்றுக்கும் பொதுவான கூட்டாளி இலை ஈரம். சாயங்காலம் தண்ணீர் விட்டால் இரவு முழுக்க ஈரம் நிற்கும். அதன்மேல் பனி வேறு. விடியற்காலையில் விடுங்கள், பனித்துளியும் கழுவிப் போகும், வெயில் வந்து உலர்த்தும்.

நெருக்கமான தெருவில் சிறு வாசலுக்கு என் ஓட்டு, வெயில் விழுமானால், அருகுக்கே. நிழலில் அது நிற்காது. ஒன்று மட்டும்: பூஞ்சைக்கொல்லி அடித்த புல்லிலிருந்து சாறு பிழியவோ, பிள்ளையாருக்கு மாலை கட்டவோ அருகு பறிக்காதீர்கள், அடித்த வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.